அடுத்த பெருந்தொற்றுக்குமுன் கவுன்சிலிடம் எதைக் கேட்பது?

சங்கச் செயலாளர் எழுதியது:

வணக்கம். வடமேற்கு லண்டனில் ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் நான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் முதியோர் ஒன்றுகூடலும்தான் எங்கள் முக்கிய வேலை. எங்கள் பகுதிக் கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த பெருந்தொற்றுக்கான தயார்நிலைத் திட்டத்தைப் புதுப்பிக்கிறார்களாம். கோவிட் காலத்தில் சிறுபான்மை இனச் சமூகங்களுக்குக் கிடைத்த உதவியில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, இனி என்ன வேண்டும் என்பதைச் சொல்ல எங்களை அழைத்திருக்கிறார்கள். பேசப் பத்து நிமிடம் தருவார்கள். அதற்குமுன் இரண்டு பக்கத்தில் எழுதியும் கொடுக்க வேண்டும்.

நிர்வாகக் குழுவில் இதை எடுத்தபோது பேச்சு திசைக்கொன்றாகப் போனது. தமிழில் துண்டுப் பிரசுரமும் இணையப் பக்கமும் கேட்போம் என்றார்கள் சிலர். மண்டப வாடகைக்கு மானியம் கேட்போம், எந்த அவசரத்துக்கும் மண்டபம் உதவும் என்றார்கள் வேறு சிலர். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள் என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். முதல் அலையில் மனைவியை இழந்தவர் அவர். அவரோடு நான் வாதாடவில்லை. ஆனால் எனக்கு இது முடிந்துபோன விஷயமாகத் தெரியவில்லை.

2020 ஜூன் மாதம், அன்றைய அரச பொதுச் சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து வெளியிட்ட அறிக்கையை அப்போதே படித்தேன். வயது, பால், வசிக்கும் இடத்தின் வறுமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், தொற்றுக்குள்ளான வங்காளதேசப் பின்னணியினர் இறக்கும் ஆபத்து வெள்ளையின பிரித்தானியரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று அதில் இருந்தது. இந்தியர், பாகிஸ்தானியர், சீனர், கரீபியர், மற்ற ஆசியர் ஆகியோருக்கு அது 10 முதல் 50 சதவீதம்வரை அதிகம். லண்டனின் பிரெண்ட் கவுன்சில் பகுதியில் அல்பர்ட்டனும் சர்ச் எண்டும் முதல் அலையில் பட்ட பாடு இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அல்பர்ட்டனில் கோயிலைச் சுற்றி நம்மவர்கள் எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறார்கள் என்பதும் தெரியும்.

என் கேள்வி இதுதான். கவுன்சிலால் உண்மையில் செய்யக்கூடிய, செய்தால் உயிரைக் காக்கக்கூடிய இரண்டு மூன்று விஷயங்கள் எவை? கவுன்சிலில் வேலை செய்தவர்கள், அந்த நாட்களில் உதவி கேட்டு அலைந்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள்.


வீடுவீடாகப் போனவள் எழுதியது:

வணக்கம் அண்ணா. 2020 கோடையிலிருந்து கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலுக்காகத் தமிழ்க் குடும்பங்களிடையே வேலை செய்தேன். முதலில் தொண்டராக, பிறகு தற்காலிக ஒப்பந்தத்தில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மண்டப வாடகையை இப்போது விட்டுவிடுங்கள், அதை வேறொரு கூட்டத்தில் கேட்கலாம். துண்டுப் பிரசுரத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முதலாவதாகக் கேட்கவேண்டியது, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவருக்கு அந்த வாரமே கையில் கிடைக்கும் பணம்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். வரிசை வீடு, கீழே முன் அறையையும் படுக்கையறையாக்கியிருந்தார்கள். அதில் கணவன், மனைவி, கைக்குழந்தை. மேலே ஒரு அறையில் கணவனின் பெற்றோர். மற்ற அறைகளில் தனியாக இந்த நாட்டுக்கு வந்த இளைஞர்கள், கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை. எல்லோருக்கும் ஒரே குளியலறை, ஒரே குசினி. அந்த இளைஞர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. நான் கவுன்சில் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வாசலில் நின்றேன். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே அந்த வீட்டு அக்கா பேசினார். தம்பி வேலைக்குப் போய்விட்டார் என்று முதலில் சொன்னார். தமிழில்தான் பேசுகிறேன், பயப்படாதீர்கள் அக்கா என்றதும் குரல் தாழ்ந்தது. ‘அவர் என்ன செய்வார்? வேலைக்குப் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எங்களுக்கும் வாடகை வராது’ என்றார். பத்து நாள் தனிமையில் இருக்கவேண்டும் என்ற விதி அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மீறினால் ஆயிரம் பவுணிலிருந்து தண்டம் என்பதும் தெரிந்திருந்தது. தமிழில் இன்னொரு பிரசுரம் கொடுத்து அந்த வீட்டுக்கு நான் என்ன செய்திருக்க முடியும்?

வேலைக்குப் போகாமல் தனிமையில் இருப்பவர்களுக்கான 500 பவுண் உதவித்தொகை 2020 செப்டம்பர் 28 அன்று தொடங்கியது. அறிவித்தது மத்திய அரசு, விண்ணப்பத்தை வாங்கிப் பரிசீலித்துப் பணம் கொடுத்தது கவுன்சில்கள். அதில் இரண்டு பகுதி இருந்தது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை, வீட்டு வாடகை உதவி போன்றவற்றைப் பெறுபவர்களுக்கு ஒரு பகுதி. அவற்றைப் பெறாத, ஆனால் வீட்டில் இருந்தால் பட்டினி கிடக்கக்கூடியவர்களுக்கு இன்னொரு பகுதி. இரண்டாவதன் நிபந்தனைகளைத் தீர்மானிக்கக் கவுன்சிலுக்கு இடம் இருந்தது. விசாவில் அரச நிதி (அரசின் நல உதவிகள்) பெறக்கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம், அந்தத் தொகை அரச நிதியாகக் கொள்ளப்படாது. இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் நான் போன வீடுகளில் இதை முன்பே அறிந்திருந்த ஒருவரைக் காண்பது அரிதாக இருந்தது. வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் விசா பாழாகிவிடும் என்று பயந்தவர்களே அதிகம். விண்ணப்பமோ இணையத்தில் மட்டும். தொற்றாளரோடு தொடர்புபட்டவர்களைத் தேடும் தடமறிதல் சேவை தந்த இலக்கம், வங்கிக் கணக்கு விவரம், வேலைக்கான ஆதாரம் எல்லாம் கேட்டது. கையில் சம்பளம் வாங்குபவர் எந்த ஆதாரத்தைக் காட்டுவார்?

ஆகவே எழுதும்போது வெறுமனே ‘நிதி உதவி வேண்டும்’ என்று எழுதாதீர்கள். கவுன்சிலுக்கு அதிகாரம் உள்ள இடத்தைக் குறித்து எழுதுங்கள். அடுத்த முறை இப்படியொரு தொகையைக் கவுன்சில் வழங்கும்போது, சம்பளச் சீட்டு இல்லாதவருக்குச் சங்கமோ கோயிலோ மசூதியோ கொடுக்கும் கடிதத்தை ஆதாரமாக ஏற்கவேண்டும். தொலைபேசியில் தமிழில் விண்ணப்பிக்க வழி வேண்டும். இதனால் விசாவுக்குப் பாதிப்பு இல்லை என்ற உறுதிமொழி விண்ணப்பத்தின் தலைப்பிலேயே இருக்கவேண்டும்.

இரண்டாவது, தெரிந்த ஆள். தேசியத் தடமறிதல் சேவை 0300 என்று தொடங்கும் இலக்கத்திலிருந்து அழைத்தது. நம்மவர்கள் தெரியாத இலக்கத்தை எடுப்பதில்லை. கடன் வசூலோ, மோசடியோ, உள்துறை அமைச்சோ என்ற பயம். 2020 ஆகஸ்டில் வடமேற்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் வித் டார்வென் கவுன்சில் ஒரு வழி செய்தது. தேசியச் சேவையால் தொடர்புகொள்ள முடியாதவர்களின் விவரத்தை வாங்கி, உள்ளூர்த் தொலைபேசி இலக்கத்திலிருந்து அழைத்தார்கள். அதற்கும் எடுக்காவிட்டால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார்கள். சாண்ட்வெல் போன்ற இடங்களும் தங்கள் சொந்த ஏற்பாட்டைச் செய்தன. பிறகு மற்றக் கவுன்சில்களும் இதையே பின்பற்றின. வாசலில் நிற்பவர் அந்தத் தெருவை அறிந்தவராக இருந்தால் அடுத்த கேள்வியையும் கேட்பார். வீட்டில் அரிசி இருக்கிறதா, மருந்து வாங்க ஆள் இருக்கிறதா, அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று. தொலைதூர அழைப்பு மையத்தில் எழுதிவைத்த கேள்விகளை வாசிப்பவரால் அது முடியாது.

சமூகத்துக்குள்ளிருந்தே ஆட்களை எடுத்துத் தகவலைக் கொண்டுசெல்ல வைத்த சமூக முன்னோடிகள் (Community Champions) திட்டத்தைப் பற்றி எனக்கு ஆதங்கம் அதிகம், ஏனென்றால் நான் அதிலிருந்துதான் பேசுகிறேன். நல்ல திட்டம். 2 கோடியே 30 லட்சம் பவுணுக்கு மேல், 60 உள்ளூராட்சி அமைப்புகளுக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் என்று அரசு அறிவித்தது. அறிவித்த தேதியைப் பாருங்கள்: 2021 ஜனவரி 25. முதல் முடக்கம் 2020 மார்ச் 23. இடையில் பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் கோயில் தொண்டர்களும் பழைய மாணவர் சங்கங்களும் தங்கள் பெற்றோல் செலவில் ஓடினார்கள். பணம் வந்தபோது பயிற்சி வந்தது, பணம் முடிந்தபோது வேலையும் முடிந்தது. எந்தத் தெருவில் எந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய், எந்த வீட்டில் ஆங்கிலம் பேசுபவர் பகலில் இல்லை என்று நாங்கள் அறிந்திருந்ததெல்லாம் எங்கள் தலைக்குள்ளேயே இருந்துவிட்டது. கவுன்சிலில் அதைக் கையேற்க ஒருவரும் இருக்கவில்லை. சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை, நோய் இல்லாத காலத்திலும் ஆண்டுதோறும் கொடுக்கப்படும் தொகையாகக் கேளுங்கள். காய்ச்சல் தடுப்பூசிக் காலத்தில் அதே ஆட்கள் அதே வீடுகளுக்குப் போகட்டும். முகம் பழகியிருந்தால்தான் அவசரத்தில் கதவு திறக்கும்.

தமிழில் தகவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதிகள் எவ்வளவு வேகமாக மாறின என்பதை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூலை 30 இரவு ஒன்பது மணிக்குமேல், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் இரவு, பெரும் மான்செஸ்டர் முதலான வடபகுதிகளில் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரைச் சந்திக்கத் தடை என்று சுகாதார அமைச்சர் டுவிட்டரில் அறிவித்தார். சமைத்து வைத்துவிட்டு விருந்தாளிகளுக்காகக் காத்திருந்த முஸ்லிம் குடும்பங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறுவதில்லை. அப்படிப்பட்ட இரவில் அச்சடித்த பிரசுரம் எந்தப் பயனும் தராது. எங்கள் பகுதியில் வேலை செய்தது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு தமிழ் மருத்துவர் தன் குரலில் பதிவுசெய்து அனுப்பிய சிறிய வாட்ஸ்அப் செய்திகள். வாசிக்கச் சிரமப்படும் அம்மம்மாக்கள்கூட அதைக் கேட்டார்கள், அடுத்தவருக்கும் அனுப்பினார்கள். அந்த மருத்துவர் இரவு வேலை முடித்து வந்து, சம்பளமில்லாமல், தன் சமையலறையிலிருந்து அதைச் செய்தார். இப்படிப்பட்டவருடன் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து, ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கக் கவுன்சிலால் முடியும்.


இரவுப் பணி எழுதியது:

சகோதரி எழுதியது ஏறக்குறைய என் கதை. வீடு மட்டும் வேறு.

அப்போது ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. வேலை அனுமதி இருந்தது, அரச நிதி பெறக்கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. சட்டப்படி நோய்க்கால ஊதியம் எனக்கு உண்டு என்று பின்னாளில்தான் அறிந்தேன். அந்த ஆண்டு அது வாரத்துக்கு 95 பவுண் 85 பென்ஸ். அப்போது வாரம் சராசரியாக 120 பவுணாவது உழைத்தவருக்குத்தான் அது கிடைத்தது. முதலாளி என் மணித்தியாலங்களைக் குறைத்துக் காட்டி மிச்சத்தைக் கையில் கொடுத்தபடியால் காகிதத்தில் நான் அந்த எல்லைக்குக் கீழே இருந்தேன். கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தால் வேலை போயிருக்கும்.

காய்ச்சல் வந்தபோது நான் போட்டுக்கொண்டிருந்த சீட்டைக் கழித்து எடுத்துத்தான் சாப்பிட்டேன், வாடகை கொடுத்தேன். சீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆள் படுத்திருக்கிறான் என்று அறிந்து முறையை மாற்றித் தந்தார். கவுன்சில் என்ற ஒன்று எனக்கு உதவக்கூடும் என்ற எண்ணமே அன்று இருக்கவில்லை.

பணத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள் ஐயா: தனி அறை. அறையில் என்னோடு இன்னொருவர் இருந்தார். அவருக்கு ஆஸ்துமா. நான் இருமும் ஒவ்வொரு முறையும் அவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார், நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். கடைசியில் அவர் குசினியில் கதிரைகளைச் சேர்த்துப்போட்டுத் தூங்கினார். ஆனால் 2020 மார்ச் இறுதியில், தெருவில் படுத்திருந்தவர்களை எல்லாம் உள்ளே கொண்டுவாருங்கள் என்று அரசு சொன்னதும் கவுன்சில்கள் சில நாட்களுக்குள் ஹோட்டல் அறைகளை எடுத்துக் கொடுத்தன. குடிவரவு நிலையைப் பார்க்காமல் எத்தனையோ பேருக்கு இடம் கொடுத்தார்கள். அதைச் செய்ய முடிந்த கவுன்சிலால், ஒரே அறையில் நெருக்கி வாழ்பவர்களில் நோயுற்றவருக்குப் பத்து நாள் ஒரு அறை கொடுக்கவும் முடியும். ஹோட்டல்களோடு முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வரி. எங்களுக்குச் சோறு கொண்டுவந்தது கோயில். கதவில் தொங்கவிட்டுவிட்டுத் தொலைபேசியில் சொல்வார்கள். அதை மறக்கமாட்டேன்.


ஓய்வுபெற்ற அலுவலர் எழுதியது:

நான் உள்ளூராட்சியில் புள்ளிவிவரப் பிரிவில் பல காலம் இருந்தவன். மேலே இருவரும் சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. அவற்றைக் கவுன்சிலின் காதில் ஏற்றும் வழியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், உங்கள் சமூகம் அவர்களுடைய அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குடிசன மதிப்பீட்டில் ஆசியர் என்ற தலைப்பின்கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் ஆகியோருக்குத் தனித்தனிப் பெட்டி உண்டு. இலங்கைத் தமிழர் ‘வேறு ஆசியப் பின்னணி’ என்ற பெட்டிக்குள் போகிறார்கள். அதே பெட்டியில் நேபாளியரும் பிலிப்பினோக்களும் ஆப்கானியரும் இருக்கிறார்கள். இந்தியத் தமிழரோ இந்தியர் பெட்டியில். முதல் அலையில் நம்மவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் எந்தக் கவுன்சிலாலும் எண்ணிக் கூறமுடியாது, ஏனென்றால் யாரும் அப்படி எண்ணவில்லை. எண்ணாத சமூகத்துக்கு நிதி ஒதுக்கும்போது கையிருப்பில் மிஞ்சியதுதான் வரும். ஆனால் குடிசன மதிப்பீட்டில் முதன்மை மொழி என்ற கேள்வியும் உண்டு. 2021இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழை முதன்மை மொழியாகக் குறித்தார்கள். உங்கள் பகுதியில் வட்டார வாரியாக அந்த எண்ணிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் இரண்டு பக்கத்தின் முதல் பத்தியில் அதைப் போடுங்கள். அதிகாரி நிமிர்ந்து உட்காருவார்.

மரணப் பதிவைப் பற்றி. 2020இல் இங்கிலாந்தின் மரணச் சான்றிதழில் பிறந்த நாடு இருந்தது, இனம் இல்லை. ஸ்காட்லாந்தில் 2012இலிருந்தே கேட்டுப் பதிகிறார்கள். 2020 ஜூனில் வந்த பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்தின் இரண்டாவது அறிக்கையின் பரிந்துரைகளில் இதுவும் ஒன்று. 2024 செப்டம்பரில் புதிய மருத்துவச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தபோது இனமும் அதில் சேர்ந்தது. ஆனால் அது நோயாளி தன் மருத்துவப் பதிவில் தானே கூறியிருப்பதிலிருந்துதான் எடுக்கப்படும். ஆகவே உங்கள் முதியோர் ஒன்றுகூடலில் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவில் இனம், மொழி, மொழிபெயர்ப்பாளர் தேவை ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இதற்குக் கவுன்சில் வேண்டாம், நீங்களே செய்யலாம்.

சட்டத்தில் உங்களுக்குப் பிடி இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, பொது அமைப்புகள் எந்த முடிவை எடுக்கும்போதும் சமத்துவத்தைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்கிறது. 2013 ஏப்ரலிலிருந்து பொதுச் சுகாதாரம் கவுன்சிலின் பொறுப்பு, அதற்கென்று ஒரு இயக்குநர் உண்டு, உள்ளூர் மக்களின் சுகாதாரத் தேவை மதிப்பீட்டை எழுதவேண்டிய கடமையும் உண்டு. அந்த மதிப்பீட்டில் தமிழர் என்ற சொல் வருகிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். அவசரநிலைகளுக்கான 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் முதல்வகைப் பொறுப்பாளர், அதாவது அவசரநிலையில் முன்னின்று செயற்படவேண்டிய அமைப்புகளில் ஒன்று. திட்டம் வகுக்கும்போது தன்னார்வ அமைப்புகளின் பணியைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று அதன் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. பெருந்தொற்று விசாரணை ஆணையத்தின் முதல் அறிக்கை 2024 ஜூலையில் வந்தது. ஹாலெட் அம்மையார் தலைமையிலான அந்த ஆணையம், தயார்நிலைத் திட்டங்களில் ஏற்றத்தாழ்வு போதிய அளவு கணக்கில் எடுக்கப்படவில்லை என்பதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. அதை மேற்கோளிட்டு, எங்கள் கவுன்சிலின் திட்டத்தில் அது எப்படித் திருத்தப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். 500 பவுண் உதவிக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை நிராகரிக்கப்பட்டன என்பதைத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கேட்கலாம். இருபது வேலை நாட்களுக்குள் பதில் தரவேண்டும். கூட்டத்துக்குமுன் பதில் வராவிட்டாலும் கேள்வி போயிருக்கிறது என்பதே பயன் தரும்.

இறுதிச் சடங்குகளையும் விட்டுவிடாதீர்கள். மயானங்களும் எரிசாலைகளும் பெரும்பாலும் கவுன்சில்களின் கையில். 2020 மார்ச்சில் அவசரச் சட்டம் வந்தபோது, இறந்தவரின் விருப்பத்துக்கும் மதத்துக்கும் மாறாக எரித்துவிடுவார்களோ என்று முஸ்லிம்களும் யூதர்களும் அஞ்சினார்கள். நாடாளுமன்றத்தில் குரல் எழுந்ததும், இறந்தவரின் விருப்பத்தை உள்ளூராட்சி கருத்தில் கொள்ளவேண்டும் என்று திருத்தம் வந்தது. அதே ஆண்டில் இலங்கையில் முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டதையும், அது 2021 பெப்ரவரிவரை நீடித்ததையும் நாம் பார்த்தோம். நேரத்தில் எழுப்பிய குரலுக்கு இங்கே பலன் இருந்தது. நம் சைவக் குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது வேறு: கடைசிக் கிரியையைக் காணொளியில் காட்டும் வசதி, ஐயர் ஒருவரையாவது உள்ளே அனுமதிப்பது, அஸ்தியைத் தாமதமின்றிக் கொடுப்பது. எல்லாம் கவுன்சிலின் அதிகாரத்துக்குள் வருபவை.


சங்கச் செயலாளர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரவிரவாகப் படித்தேன். சுகாதாரத் தேவை மதிப்பீட்டையும் திறந்து தேடினேன். தமிழ் என்ற சொல் ஒரே ஒரு அட்டவணையில், மொழிகளின் வரிசையில் மட்டும் வருகிறது.

பணம், தனி அறை, நிரந்தரமாகச் சம்பளம் பெறும் தொடர்பாளர் என்ற மூன்றையும் வைத்து எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு சிக்கல். எங்கள் பக்கத்துச் சோமாலி அமைப்பையும் குஜராத்தி முதியோர் சங்கத்தையும் அழைத்திருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து ஒரே அறிக்கை கொடுப்போமா என்று சோமாலி அமைப்பின் சகோதரி கேட்கிறார். எங்கள் குழுவில் சிலர் தயங்குகிறார்கள். நாம் மறுபடியும் பெரிய பெட்டிக்குள் கரைந்துவிடுவோம் என்ற பயம்.


வீடுவீடாகப் போனவள் எழுதியது:

அண்ணா, சேர்ந்தே கொடுங்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் கேட்கும் மூன்று விஷயத்திலும் சோமாலிக் குடும்பத்தின் தேவையும் உங்கள் தேவையும் ஒன்றுதான். டாக்ஸி ஓட்டுபவருக்கும் பெற்றோல் நிலையத்தில் நிற்பவருக்கும் நோய்க்கால ஊதியம் கைக்கு வராத நிலை ஒன்றுதான். சர்ச் எண்டில் முதல் அலையில் அவர்கள் இழந்தவர்களைப் பற்றி அந்தச் சகோதரி பேசட்டும். அதற்குப் பிறகு ‘இது எல்லோருக்கும் பொதுவான பிரச்சினைதானே’ என்று எந்த அதிகாரியாலும் கடந்துபோக முடியாது. மூவரும் தனித்தனியாகப் போனால் ஆளுக்கொரு சிறு மானியத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதை நான் கண்டிருக்கிறேன்.

கரைந்துபோகாமல் இருக்க வழி உண்டு. பொதுக் கோரிக்கை ஒரு பக்கம், ஒவ்வொரு சமூகத்துக்கும் அரைப் பக்கம். உங்கள் அரைப் பக்கத்தில் அலுவலர் ஐயா சொன்ன மொழிப் புள்ளிவிவரம், சைவ இறுதிக் கிரியை, குரல் செய்தி மூன்றும் போதும். இரண்டு பக்க வரம்பு இதற்கு இடம் தராது, மூன்று அமைப்புகள் என்பதால் கூடுதல் பக்கம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

தடுப்பூசி பற்றி யாரும் எழுதவில்லை. அதைச் சுருக்கமாகவாவது சேருங்கள். 2021 ஜனவரியில் பர்மிங்ஹாமின் பால்சல் ஹீத்தில் ஒரு மசூதி தடுப்பூசி மையமானது. அதே ஆண்டு மே மாதம் போல்ட்டனில் பஸ்ஸிலேயே ஊசி போட்டார்கள், மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆவணம் இல்லாதவர்களும் குடிவரவுச் சோதனை இல்லாமல் ஊசி போடலாம் என்று அரசு 2021 பெப்ரவரியில் அறிவித்திருந்தது. இருந்தும் ஜிபி வரவேற்பு மேசைகளில் கடவுச்சீட்டைக் கேட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பியதை நான் நேரில் பார்த்தேன், அப்படித் திரும்பியவர்களை மறுபடி அழைத்துவரப் பட்ட பாடு கொஞ்சமல்ல. பழகிய இடத்தில், பழகிய முகங்களோடு, எந்த ஆவணமும் கேட்காமல் ஊசி போடும் ஏற்பாட்டைத் திட்டத்தில் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எந்த மண்டபம், யாரிடம் சாவி என்பதுவரை.

வரைவை இங்கேயே போடுங்கள், வார இறுதியில் பார்த்துத் திருத்தித் தருகிறேன். இரவுப் பணித் தம்பி சம்மதித்தால், பெயர் குறிப்பிடாமல் அவர் எழுதியதிலிருந்து இரண்டு வரி சேருங்கள். கூட்டத்துக்கு வரும் முதியவர்களுக்காக மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை இன்றே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அந்தச் செலவு கவுன்சிலுடையது. கடைசி நேரத்தில் கேட்டால் தமிழுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பார்கள்.